வயிறு நிறைந்தும் அலைந்தவர்

1

இன்று என் அண்ணனின் முதல் திதி. ராஜபாளையத்தில் எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. இங்கே ஜெர்மனியில் நான் வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றபோது மதினி போனில் கூப்பிட்டார்.

"ஐயர் வந்து செஞ்சு குடுத்துட்டுப் போய்ட்டாரு கோமு. காக்காய்க்கும் வச்சாச்சு. நீ சாப்பிட்டியா?"

"இனிமேத்தான் மதினி."

"சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட போவாத."

யார் பேசினாலும் மதினி முதலில் கேட்பது இதைத்தான். பால்காரரிடமும் கேட்பார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடமும் கேட்பார். அந்த மதினியைத்தான், புருஷனுக்குச் சோறு போடாமல் சாகடித்தவள் என்று எங்கள் தெருவில் பேசுகிறார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. கடையில் இவர் போய் நின்றால் பேச்சு நிற்கும், இவர் நகர்ந்ததும் தொடரும்.

அண்ணன் எப்படிச் செத்தார், அதற்கு முன்னால் அவருக்கு என்ன ஆனது என்பதை எழுதிவிட வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் மதினியிடம் அனுமதி கேட்டேன். "ராஜபாளையம்னு போட்டுக்கோ, பெரிய ஊருதான. எங்க பேரு மட்டும் வேண்டாம்" என்றார். ஆகவே இதில் வரும் பெயர்கள் மாற்றியவை, என் பெயர் உட்பட. அண்ணனின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை.

2

நான் வேலை செய்வது ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில். விஞ்ஞானி இல்லை, ஆய்வக உதவியாளர். மதுரையில் விலங்கியல் படித்தேன். கல்யாணமாகி இங்கே வந்து, மொழி கற்று, என் பட்டம் செல்லுமா செல்லாதா என்று ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் கிடைத்த வேலை இது. புழுக்களுக்குச் சோறு போடும் வேலை என்று அண்ணன் கிண்டல் செய்வார். உண்மையும் அதுதான்.

மண்ணில் வாழும் ஒரு வகை உருளைப்புழு. ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். வெறும் கண்ணுக்குத் தட்டில் விழுந்த தூசி மாதிரி தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் உடம்பே கண்ணாடி. தொண்டை துடிப்பதும், தின்ற பாக்டீரியா உள்ளே இறங்குவதும் தெரியும். வட்டத் தட்டில் கடற்பாசிக் கூழை ஊற்றி உறையவிட்டு, நடுவில் ஒரு சொட்டு பாக்டீரியாவை வளர்த்து, அதில் புழுவை விடுவேன். அதன்பிறகு அது எங்கே போகிறது, எப்போது நிற்கிறது என்று கேமரா பார்க்கும்.

எங்கள் ஆய்வகத்தின் கேள்வி எளிமையானது. ஒரு புழு எதைத் தின்று வளர்ந்ததோ அது, அந்தப் புழு சாப்பாடு தேடும் விதத்தை எப்படி மாற்றுகிறது? நல்ல பாக்டீரியாவைத் தின்ற புழு அந்த இடத்திலேயே கிடக்கும். வயிறு நிறைந்ததும் அசையாமல், தூங்குவதுபோல நின்றுவிடும். விழுங்கக் கடினமான, சத்துக் குறைந்த பாக்டீரியாவைக் கொடுத்தால் தங்காது. கொஞ்சம் தின்னும், வெளியே போகும், திரும்பும், மறுபடி போகும். முன்பு நல்லதைத் தின்று பழகிய புழுவாக இருந்தால் மட்டமானதை இன்னும் சீக்கிரம் விட்டுப் போகும். பட்டினி போட்ட புழு, கடைசியாகச் சாப்பாடு இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். இனி இல்லை என்று ஆனபிறகு ஒரே திசையில் தூரமாகப் போய்விடும்.

வேறொரு வகையும் உண்டு. மரபணு கெட்ட புழுக்கள். அவற்றை எவ்வளவு நல்ல சாப்பாட்டில் விட்டாலும் நிற்காது. குடல் நிறைந்திருப்பது கண்ணாடி உடம்பில் நன்றாகத் தெரியும். ஆனாலும் தின்னாததுபோல அலையும். வயிறு நிறைந்த செய்தி தலைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

வந்த புதிதில் ஆய்வகத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, அகராதியில் பார்த்த "ஃபோல்" என்ற சொல்லைப் போட்டுச் சொன்னேன். மேசையே சிரித்தது. நிறையக் குடித்துவிட்டு நிதானமில்லாமல் இருக்கிறேன் என்று அர்த்தமாம். போதும் என்ற அளவுக்குச் சாப்பிட்டாயிற்று என்பதற்கு இவர்களிடம் வேறு சொல் இருக்கிறது, "ஸாட்" என்று. அன்றைக்கு அண்ணனிடம் போனில் இதைச் சொன்னேன்.

"போதும்னு சொல்ல ஒரு வார்த்தை தெரியாமலா ஏட்டி அம்புட்டுத் தூரம் போய் உக்காந்திருக்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

3

அண்ணன் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் சூப்பர்வைசர். வெளியில் ஒரு டீ குடிக்கமாட்டார். மதினி கட்டிக்கொடுத்ததைத்தான் தின்பார். கல்யாண வீடுகளில் இரண்டாம் முறை பரிமாற வந்தால் இலைக்குக் குறுக்கே கையை வைத்துவிடுவார். அப்படி ஒரு கறார்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு ஏதோ மாறியது. முதலில் மாறியது சாப்பாட்டில் இல்லை. அவரோடு கூட வேலை பார்த்த ஒருவர் செத்துப்போன வீட்டில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாராம். என்னோடு பேசும்போது என் மகள் மீராவைப் பற்றி விசாரிப்பதை நிறுத்தினார். நான் கேட்டால் பதில் சொல்வார், போனை வைத்துவிடுவார். வேலையில் ஏதோ கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு இனிப்பு. வாரம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய்ப் பால்கோவா வாங்கிவந்தார். பிறகு தினமும். வீட்டுக்குக் கொண்டுவராமல் கடை வாசலிலேயே நின்று தின்று முடித்தார். அப்புறம் தறிக்கூடத்தில் மற்றவர்களின் டிபன் பாத்திரத்தைத் திறந்து தின்னத் தொடங்கினார். ஒளிந்து தின்னவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தார். முதலாளி நல்லவர், சில மாதம் பொறுத்துக்கொண்டார். பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மதினி போனில் அழுததில்லை. செய்தி சொல்வதுபோலச் சொல்வார்.

"இப்பத்தான் கோமு, இட்லி வச்சேன், சாம்பார் ஊத்துனேன், எல்லாம் சாப்பிட்டாவ. நான் கையக் கழுவிட்டு வாரதுக்குள்ள எதுத்த வீட்டுல போய் தட்ட எடுத்துட்டு உக்காந்துட்டாவ. அந்தம்மா என்னையப் பாக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

"சுகர் பாத்தீங்களா மதினி?"

"பாத்தாச்சு. வயித்துக்கும் பாத்தாச்சு. வயித்துப் பூச்சிக்கு மருந்துகூடக் குடுத்தாவ. ஒண்ணுமில்லங்காவ."

எதிர் வீட்டில் போட்டார்கள். பக்கத்து வீட்டில் போட்டார்கள். பாவம், மனுஷனுக்குப் பசி என்றார்கள். ஒரு மனிதன் வீடு வீடாகப் போய்த் தின்கிறான் என்றால் அவன் வீட்டில் போடவில்லை என்றுதானே யாருக்கும் தோன்றும்? தெருவில் ஒருவருக்கும் வேறு மாதிரி யோசிக்கத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

4

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மீராவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பெருத்திருந்தது, சட்டையில் குழம்புக் கறை. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. என் கைப்பையைப் பார்த்தார்.

"என்ன கொண்டாந்த?"

சாக்லேட்டை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளித்தாளோடு வாயில் போட்டு மென்றார். மதினி ஓடிவந்து, குழந்தையின் வாயிலிருந்து எடுப்பதுபோல விரலை விட்டுத் தாளை எடுத்தார். அண்ணன் கோபப்படவில்லை. அடுத்ததற்குக் கையை நீட்டினார்.

மத்தியானம் மீராவின் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்தார். அவள் தட்டை நகர்த்தினாள். அவர் நகர்ந்து உட்கார்ந்து சோற்றில் கைவைத்தார். மீரா எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். பிறகு என்னிடம் ஜெர்மன் மொழியில் கேட்டாள், "மாமாவுக்கு ஏன் இவர்கள் ஒழுங்காகச் சாப்பாடு போடுவதில்லை? சமையலறைக் கதவில் பூட்டுத் தொங்குகிறதே?"

உண்மைதான். பூட்டுத் தொங்கியது. பச்சை அரிசியையும் எண்ணெயையும் எடுத்துத் தின்ன ஆரம்பித்தபிறகு மதினி போட்டது. சாவி அவர் தாலிச்சரட்டில் கிடந்தது. பால் ஊற்ற வந்தவர் பார்த்தார், கீரை விற்க வந்தவர் பார்த்தார். ஊருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டுமா?

மதுரைக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் வயசானவர், அவசரமில்லாமல் பேசினார். திரையில் அண்ணனின் மூளையைக் காட்டினார். முன்பக்கம், ஓட்டுக்குள் வற்றிய தேங்காய்போலச் சுருங்கியிருந்தது.

"மறதி நோயில இது ஒரு வகைம்மா. மறதி பின்னாலதான் வரும். கூச்சம், இரக்கம், போதுங்குற எண்ணம், இதெல்லாம் முதல்ல போயிரும். அவர் பசியில சாப்பிடல. நிறுத்தத் தெரியாம சாப்பிடுறார். குணமாக்க மருந்து இல்ல. சாப்பாட்டப் பூட்டித்தான் வைக்கணும். எதையும் சின்னதா வெட்டிக் குடுங்க, ஒவ்வொண்ணாக் குடுங்க, பக்கத்துல ஆள் இருக்கணும். மொத்தமா வாயில அடைச்சார்னா தொண்டையில நின்னுரும்."

பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குத் தெரிந்தவரை இல்லை.

வரும் வழியில் நான் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி என் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா எங்கள் மூன்று பேரில் மூத்தவள். அண்ணனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நான் ஸ்கேனை எடுத்துக் காட்டினேன். அவள் கையில்கூட வாங்கவில்லை.

"இதெல்லாம் எனக்கு வேண்டாம். அவ அவனுக்குச் சோறு போடுதாளா இல்லையா?"

"போடுறாங்க அக்கா. நான் கூடவே இருந்து பாத்தேன்."

"நீ இருக்கையில போடுவா. பொறவு?"

எனக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஆய்வகத்துப் புழுக்களைப் பற்றிச் சொன்னேன். பட்டினி போட்ட புழுவும் அலையும், நன்றாகத் தின்ற புழுவும் சில சமயம் அலையும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்றேன். அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"ஏட்டி, புழுவும் என் தம்பியும் ஒண்ணா? இதப் படிக்கத்தான் உன்னைய அம்புட்டுத் தூரம் அனுப்பி வச்சமா?"

மறுநாளே ராஜபாளையத்துக்கு வந்து நின்றாள். தம்பியை நான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மதினி முடியாது என்று சொல்லிப் பார்த்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. சோறு போடாதவள் விடவும் மாட்டேன் என்கிறாளே என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது. மதினி உள்ளே போய் அண்ணனின் துணிமணியை எடுத்துவைத்தார். கார் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "எதையும் வெட்டிக் குடுங்க அண்ணாச்சி, முழுசாக் குடுக்காதிய" என்று அக்காவின் கணவரிடம் சொன்னார். அக்காவிடமும் சொன்னார். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

5

அக்கா அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். இதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கேட்டபோதெல்லாம் கொடுத்தாள். முதல் மாதம் போனில், "எம்புட்டுத் திங்கான் தெரியுமா, வயித்த வாடப் போட்டிருக்கா பாவி" என்றாள். மூன்றாவது மாதம் குரல் இறங்கியிருந்தது. "நிறுத்த மாட்டேங்கான்டி" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அக்கம்பக்கத்தில் போய் உட்காராமல் இருக்க வெளிக்கதவைத் தாழ்போட்டு வைத்திருக்கிறாள் என்று அவள் வீட்டுக்காரர் தனியாகச் சொன்னார். மதினி ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அக்கா அவரை உட்காரச் சொன்னதில்லை.

ஆடிப்பூரத் தேர் பார்க்க அக்கா வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். கொழுக்கட்டை அவித்திருந்தாள். விருந்தாளிகளுக்குக் கொடுக்கும்போது அண்ணன் வந்து கையை நீட்டினார். ஒன்று கொடுத்தாள். இன்னொன்று கேட்டார், கொடுத்தாள். யாரையோ வழியனுப்ப வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். தட்டு காலியாக இருந்தது. அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் நீலம் பாரித்திருந்தது. இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. தேர்க் கூட்டத்தில் ஆட்டோ நகர முடியவில்லை.

6

அந்தச் செய்தி வந்தபோது நான் எந்த நாட்டுக்காரி என்பதே கேள்வியாக இருந்தது. ஜெர்மன் குடியுரிமை வாங்கி, இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்திருந்தேன். ஒப்படைத்ததற்கான சான்று தபாலில் வந்துகொண்டிருந்தது. அது இல்லாமல் விசா இல்லை. விசா மையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஜெர்மானியப் பெண் அன்பாகத்தான் பேசினாள். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்றாள். கூடப்பிறந்தவர் என்றேன். அவர் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லையே, உங்கள் பெயருக்குப் பின்னால் வேறொன்று இருக்கிறதே என்றாள். எங்கள் ஊரில் அப்பா பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், கல்யாணமானால் என் முதலெழுத்து மாறும் என்று விளக்கிக்கொண்டே இருந்தேன். அங்கே அண்ணனை எரித்து முடித்திருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. ராஜபாளையத்து வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். அக்கா நடுக்கூடத்தில் பெண்களுக்கு மத்தியில் உட்கார்ந்து அரற்றிக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாள் பசியோ எந்தம்பிக்கு. கண்டதும் அள்ளி அள்ளி வாயில போட்டானே. வயித்த வாடப் போட்டுட்டாளே."

சுற்றியிருந்த பெண்கள் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி மதினியைத் திரும்பிப் பார்த்தாள். மதினி தூணோரம் நின்றிருந்தார். அவர் மகள் காவ்யா, கோயம்புத்தூரில் படிக்கிறவள், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். இல்லை, அது பசி இல்லை, நோய், ஸ்கேன் இருக்கிறது என்று சொல்ல எழுந்தேன். வாய் திறப்பதற்குள் மதினி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நீ ஒண்ணும் சொல்லாத."

"எப்படி மதினி சும்மா இருக்கது? உங்களக் கொலகாரிங்காங்க."

"சொல்லட்டும்."

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. இது மூளையில வந்த நோய். நீங்க என்ன செய்வீங்க?"

மதினி குரலைத் தாழ்த்தினார். "என்னையச் சொன்னா அது என்னோட போயிரும் கோமு. சீக்குன்னு சொன்னா எம்மக மேல ஒட்டிக்கிரும். அப்பனுக்கு வந்தது பிள்ளைக்கு வருமாம்லான்னு கேப்பாவ. அவள யாரு கட்டுவா?"

"இது எல்லாருக்கும் அப்படி வராது மதினி. அப்பா அம்மாவுக்கு இருந்தாத்தான்..."

"உங்கப்பா எப்படிச் செத்தாவன்னு உங்கக்காகிட்டக் கேட்டுப் பாரு" என்றார்.

அப்பா சாகும்போது நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தேன். சுகர் முற்றிப்போனது என்று சொன்னார்கள். கடைசி இரண்டு வருஷம் நான் லீவுக்கு வந்தால் அவரை அறையில் படுக்கவைத்திருப்பார்கள். அம்மா என்னை அதிக நேரம் இருக்கவிடமாட்டாள். போய்ப் படி, போய்ப் படி என்பாள்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு அக்கா பின்பக்கக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, அப்பாவுக்கு என்ன செஞ்சது?"

"சுகருன்னுதான் சொன்னமே."

"அதத்தான் கேக்கேன். என்ன செஞ்சது?"

அவள் தண்ணீரை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அதற்குள்ளிருந்தே பேசினாள். "கூப்பிடாத கல்யாணத்துக்கெல்லாம் போயி முதப் பந்தியில உக்காந்தாரு. எங்க மாமியா வீட்டு ஆளுக பாத்துட்டு வந்து சொல்லிச் சிரிச்சாக. அம்மா வீட்டுல பொங்குறது இல்லன்னு ஊரே பேசுச்சு. நானும் அம்மாகிட்டச் சண்ட போட்டேன். அவ ஒரு வார்த்த சொல்லல."

"அப்ப உனக்குத் தெரியும்."

"என்னத்தடி தெரியும்? அன்னைக்கு எவன் மண்டையத் தொறந்து படம் புடிச்சுக் காட்டுனான்?" முந்தானையை இறக்கினாள். கண்கள் வீங்கியிருந்தன. "எம்மகனுக்குத் தையில கல்யாணம் வச்சிருக்கு. பொண்ணு வீட்டுல நாலுந் தெரிஞ்சவுக. பரம்பரையா வருதுன்னு நீ கூடத்துல எந்திரிச்சு நின்னு சொல்லிருவ. பொறவு?"

"அதுக்காக மதினி தலையில போடுவியா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயந்த பிள்ளையின் பார்வை அது. "எங்கையால குடுத்தேண்டி கொழுக்கட்டைய. முழுசாக் குடுத்தேன். அவ வெட்டிக் குடுங்கன்னு சொல்லித்தான் அனுப்புனா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து சொன்னா. அவ பட்டினி போட்டான்னே இருக்கட்டும் கோமு. இல்லன்னா நான் எப்படிச் சோறு திங்க?"

சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து மறுபடியும் முகத்தைக் கழுவினாள். நான் கூடத்தில் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டேன்.

தையில் அக்கா மகன் கல்யாணம் நடந்தது. மதினிக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. போகவில்லை. இப்போது பேண்டேஜ் துணியை வெட்டிப் பொட்டலம் கட்டும் இடத்துக்கு வேலைக்குப் போகிறார். அங்கேயும் அந்தக் கதை அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தால் யாரும் அவரோடு பகிர்ந்துகொள்வதில்லை என்று ஒருநாள் சொன்னார். அதையும் செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருக்கலாம். நடு வயதில் குணம் மாறி, கூச்சம் போய், கண்ட இடத்தில் தின்றுகொண்டு. அந்த வீட்டு அடுப்படியில் பூட்டுத் தொங்கினால், பூட்டியவளைப் பற்றிப் பேசுமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

7

இங்கே டாக்டரிடம் போனேன். மரபணுப் பரிசோதனைக்கு முன்னால் ஆலோசனை கட்டாயம் என்பது இந்த நாட்டுச் சட்டம். ஒரு பெண்மணி எதிரில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். அப்பாவுக்கும் இருந்து, அண்ணனுக்கும் இருந்தால், எனக்கு வருவதும் வராததும் சரிபாதி வாய்ப்பாக இருக்கலாம். அண்ணன் உயிரோடு இருந்தால் அவர் இரத்தத்தில் அந்த மரபணுக் கோளாறை முதலில் தேடியிருக்கலாம். இப்போது என் இரத்தத்தில் தேடலாம், அகப்பட்டால் அகப்பட்டது, அகப்படாவிட்டால் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தெரிந்துகொண்டாலும் தடுக்க மருந்து கிடையாது. யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வகத்தில் உருப்பெருக்கியில் கண்ணை வைத்தால், நிற்காமல் அலையும் புழுக்களை முன்புபோலப் பார்க்க முடியவில்லை. அந்தத் தட்டுகளை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

மீராவிடம் மறைக்க முடியவில்லை. அவளுக்குப் பதினேழு வயது, கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவைப் பற்றி, தாத்தாவைப் பற்றி, ஆலோசனைக்குப் போனதைப் பற்றி. அவள் அழவில்லை. சில கேள்விகள் கேட்டாள். எழுந்து போய்விட்டாள்.

மூன்று நான்கு வருஷமாக அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ரொட்டியில் எதையாவது தடவி எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள், காதில் பாட்டு. நான் வைத்த ரசத்தை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த நாள் நானே குடிப்பேன். என் கணவருக்கு வேறு நகரத்தில் வேலை, வாரக்கடைசிக்குத்தான் வருவார். நான் ஊமைபோலச் சாப்பிட்டு எழுந்த நாட்கள் நிறைய.

அதைச் சொன்ன மறுநாளிலிருந்து மீரா மேசைக்கு வர ஆரம்பித்தாள். எதிரில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக் கதை சொன்னாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. புளிக்குழம்பு வைத்தேன், உருளைக்கிழங்கு வறுத்தேன். துக்கத்திலும் ஒரு நல்லது நடந்திருக்கிறது, பிள்ளை திரும்பி வந்துவிட்டாள் என்று மதினியிடம்கூடச் சொன்னேன்.

போன வாரம் ஆய்வகத்தில் வேலை அதிகம். மத்தியானம் சாப்பிட நேரமில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மீரா பிளம்ஸ் பழம் பதித்த கேக் வாங்கிவைத்திருந்தாள். இங்கே இப்போது அந்தப் பழத்துக்குப் பருவம். ஒரு துண்டு தின்றேன். பசி அடங்கவில்லை, இன்னொன்று எடுத்தேன். பேசிக்கொண்டே மறுபடியும் கையை நீட்டினேன்.

"அம்மா, அது மூணாவது" என்றாள் மீரா.

தமிழில் சொன்னாள். அவள் தானாக என்னோடு தமிழ் பேசி எத்தனையோ நாள் ஆகிறது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் எதிரில் உட்கார்ந்து அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போது விளங்கியது.

"மத்தியானம் சாப்பிடல மீரா. நிஜமாவே பசிதான்" என்றேன்.

"சரிம்மா" என்றாள். மெதுவாக, என்னைப் புண்படுத்திவிடக் கூடாது என்பதுபோல, கேக் தட்டைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.